ஹைபிரிட் கெப் ஏன் கிடைக்குதில்லை?



கால்சாவில் கணக்குக் காட்ட வந்த நேயர் ஒருவர் கேட்டார்: "அண்ணை, கிளிநொச்சியில தம்பி ஹைபிரிட் கெப் தேடுறான். கிடைக்குதில்லை. பழசுக்கும் யானை விலை. வீட்டு வேலை செய்து சேர்த்த காசை அனுப்பட்டோ?"

டொலரைக் காப்பாற்ற 2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2022இல் 200 ரூபாவாக இருந்த டொலர் 360ஐத் தொட்டது. புது வாகனம் வராததால் பழையது விலை ஏறியது. நான் படித்த வணிகவியலில் வாகனத்தின் பெறுமதி ஆண்டுதோறும் தேயும், அங்கே வளர்ந்தது! 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் தடை நீங்கியது. ஆனால் சுங்கத் தீர்வை, உற்பத்தி வரி, அவற்றின் மேல் 18 வீத வற்.

கெப் என்றால் பெரும்பாலும் டீசல்தான். ஹைபிரிட் உலகத்திலேயே குறைவு. 2021இல் அமெரிக்காவில் வந்த ஃபோர்ட் மேவரிக் ஹைபிரிட்டுக்குச் சில மாதங்களிலேயே 2022 மாடலுக்கான ஓடர் நிறுத்தப்பட்டது. அது சிப் தட்டுப்பாட்டுக் காலம்.

நேயருக்குச் சொன்னேன்: தம்பிக்குச் சுமை ஏற்றத்தானே வேணும்? டீசல் கெப்பையும் விலை கேட்கட்டும். பழைய ஹைபிரிட் என்றால் பற்றரியைச் சோதித்து, பதிவுப் புத்தகத்தையும் பார்த்த பிறகே காசு அனுப்புங்கோ.