இரு கையும் இரு கணக்கும்

பியானோ வாசிப்பதில் எது கடினம் என்று கேட்டால் வேகம் என்றுதான் பலரும் சொல்வர். 2019-ஆம் ஆண்டில், சென்னையைச் சேர்ந்த லிடியன் நாதஸ்வரம் தம் 13-ஆம் வயதில் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியொன்றில் ரிம்ஸ்கி கோர்சகோவின் 'வண்டின் பறத்தல்' என்னும் இசையை நிமிடத்திற்கு 325 தட்டு வேகத்தில் வாசித்தார். அப்போட்டியில் முதற் பரிசும் பெற்றார். வியக்காதார் யார்! ஆனால் வேகத்தைவிடக் கணக்கே விரல்களைத் திணறடிக்கும் இசையும் உண்டு.

அது போலந்து நாட்டில் 1810-ல் பிறந்த ஷோப்பன் 1834-ல் இயற்றிய 'ஃபான்டசி இம்ப்ராம்ப்டு'. தாம் வாழ்ந்தவரை அவர் அதை அச்சிடவில்லை. அச்சேறாதவற்றை எரித்துவிடும்படியும் சொல்லியிருந்தார். 1849-ல் அவர் மறைந்தபின், நண்பர் ஃபொண்டானா அச்சொல்லை மீறி 1855-ல் அதை வெளியிட்டார். கீழ்ப்படியாமையாலும் சிற்சில வேளை நன்மை விளையும் போலும்! (சிஸ்டர் இவ்வரியைப் பொறுத்தருள்வாராக.)

இதில் இடக்கை ஒரு தட்டுக்கு மும்மூன்று சுரமாக ஓடும். அதே நேரத்தில் வலக்கை நந்நான்காக ஓடும். நம் வழக்கில் சொன்னால் ஒரு கை திஸ்ரம், மறு கை சதுஸ்ரம். ஒரு கை 'தகிட' என்னும்போதே மறு கை 'தகதிமி' என்னவேண்டும்.

கீரப்பாளையத்திலிருந்து பேருந்தில் வரும் எங்களில் எவர் வீட்டிலும் பியானோ இல்லை. பள்ளியில் இருப்பதோ ஒன்றே. ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் ஊறி, அதன் கட்டைகளும் அழுத்தினால் எழும்பா. "அதெல்லாம் நமக்கு எதற்கு?" என்று வீட்டில் கேட்கிறார்கள். ஆனால் இந்த இசையின் மிகக் கடினமான பகுதியைக் கற்கப் பியானோவே தேவையில்லை. வகுப்பறைப் பெஞ்சு போதும்!

3-க்கும் 4-க்கும் மீச்சிறு பொது மடங்கு 12 அன்றோ? ஒன்று முதல் பன்னிரண்டு வரை மெதுவாக எண்ணுங்கள். வலக்கை 1, 4, 7, 10 ஆகிய எண்களில் தட்டட்டும். இடக்கை 1, 5, 9 ஆகியவற்றில் தட்டட்டும். இரண்டும் சந்திப்பது ஒன்றில் மட்டுமே. பிறகு வரிசை வலம், இடம், வலம், இடம், வலம். இவ்வளவுதான்.

வேகம் கூடினால் எண்ண நேரமிராது. ஆகவே முதலில் இடக்கையை மட்டும், தோழியுடன் பேசிக்கொண்டே தட்டுமளவு பழக்க வேண்டும். பின்பு வலக்கை. அதன்பின் இரண்டையும் சேர்த்து, அந்த முதல் தட்டில் சந்திக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதும். சிதம்பரம் வீதிகளில் தவில்காரரைப் பாருங்கள். ஒரு கையில் கழி, மறு கை விரல்களில் கூடு. இரண்டும் வேறு வேலை செய்கின்றன, அவரோ நாதசுரக்காரரைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருக்கிறார்!

பெஞ்சு எல்லாவற்றையும் கற்பிக்காது. கட்டைவிரலை மற்ற விரல்களின் கீழே நுழைத்துச் செல்வதும், மிதியைச் சரியாக விடுவதும் பியானோவில்தான் வரும். இன்னொரு சங்கடமும் உண்டு. வலக்கை ஓடத் தொடங்கும் ஐந்தாம் அளவில் அதன் முதல் இடம் மௌனம். தட்டுக்குப் பின் தள்ளி எடுக்கும் பாடலைப் போல. சந்திக்க வேண்டிய இடத்தில் ஒரு கை வருவதேயில்லை! அங்கே 'த' என்பதை மனத்துக்குள் சொல்லிக்கொள்கிறோம்.

நடுப்பகுதி மெதுவானது, வலக்கை இனிய மெட்டொன்றைப் பாடும். பிறகு பழைய ஓட்டம் திரும்புகிறது. முடியும் தறுவாயில் அதே மெட்டு மீண்டும் வரும். இம்முறை அதைப் பாடுவது இடக்கை.