விழுந்ததை எடுக்கும் கை

போன ஞாயிற்றுக்கிழமை மாலை, எங்கள் தெருவில் இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பம் டீ குடிக்க வந்திருந்தது. கணவன், மனைவி, பதினொன்றாம் வகுப்புக்குப் போகும் மகள். இரண்டாவது முறை டீ ஊற்றும்போதுதான் அந்த அம்மா விஷயத்துக்கு வந்தார். "அக்கா, உங்க பொண்ணு இருந்தாளே, அந்த டிரம் கோர்ல சேரணும்னு இவ ஒரே பிடிவாதம். ஸ்கூல் பேண்டுலதான் ரெண்டு வருஷமா கொடி சுத்தறாளே, அது போதாதா? அதுக்குப் போய் தனியா ஆடிஷன் எதுக்கு?"

மகள் பேசவில்லை. கையிலிருந்த பிஸ்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேள்வி நியாயமானது. டெக்ஸஸில் பிள்ளைகளை மார்ச்சிங் பேண்டில் சேர்த்துவிட்ட தமிழ்ப் பெற்றோர் பலருக்கும் இந்தக் கேள்வி என்றாவது ஒருநாள் வரும். என் மகள் மூன்று கோடைகள் ஒரு கோரில் ஆடினாள். அந்த அனுபவத்தில் அன்று சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

டிரம் கோர் வேறு, பள்ளி பேண்டு வேறு. கோரில் பித்தளை ஊதுகருவிகள் உண்டு, தாளக் கருவிகள் உண்டு, கொடியும் ரைஃபிளும் வாளும் சுழற்றி ஆடும் கலர் கார்டு உண்டு. கிளாரினெட், புல்லாங்குழல், சாக்ஸஃபோன் கிடையாது. கால்பந்து இடைவேளைக்கு வாசிக்கும் வேலையும் கிடையாது. பதினொன்று, பன்னிரண்டு நிமிடம் ஓடும் ஒரே ஒரு நிகழ்ச்சி. அதைக் கோடை முழுக்கச் செதுக்கிச் செதுக்கி, ஊர் ஊராகப் போட்டிகளில் ஆடிக் காட்டுவதுதான் இவர்கள் வேலை. டிரம் கோர் இன்டர்நேஷனல் என்ற அமைப்பு 1971இல் உருவானது. 1972இல் விஸ்கான்சினில் உள்ள வைட்வாட்டர் என்ற சிற்றூரில் முதல் சாம்பியன்ஷிப்பை நடத்தியது. 2009 முதல் இறுதிப் போட்டி நடக்கும் ஊர் இண்டியானாபொலிஸ், மாதம் ஆகஸ்ட். பெரிய கோர் ஒன்றில் 150 பேருக்கு மேல் இருப்பார்கள். அதில் கலர் கார்டு முப்பது, நாற்பது பேர்தான். ஜூன் 1ஆம் தேதிக்கு முன்பே 22 வயது நிறைந்துவிட்டவருக்கு அந்தப் பருவத்தில் இடமில்லை. அதனால் பள்ளியின் கடைசி வருடங்களும் கல்லூரியின் முதல் வருடங்களும்தான் இதற்கான காலம்.

அப்பாவுக்கு வேறு உறுத்தல். "கொடி சரி. துப்பாக்கியும் வாளும் எதுக்கு? நாட்டியம் ஆடற பொண்ணு கையில ரைஃபிளா?"

இதற்கு 'கார்டு' என்ற சொல்லிலேயே விடை இருக்கிறது. படைப்பிரிவு ஒன்று அணிவகுத்துப் போகும்போது கொடி முன்னால் போகும். கொடி ஏந்துபவரின் கை கொடியிலேயே இருக்கும் என்பதால், ஆயுதத்தோடு இருவர் பக்கத்தில் நடப்பார்கள். அவர்கள்தான் காவல். முதல் உலகப் போர் முடிந்து வீடு திரும்பிய வீரர்களின் சங்கங்கள், முக்கியமாக அமெரிக்கன் லீஜன், ஊருக்கு ஊர் பியூகிளும் முரசும் கொண்ட குழுக்களை வளர்த்தன. அவற்றோடு இந்தக் கொடிக் காவலும் வந்து சேர்ந்தது. காலப்போக்கில் காவலர்கள் நடனக் கலைஞர்கள் ஆனார்கள். ஆயுதம் கையில் தங்கிவிட்டது, ஆனால் அதற்குச் சுடவும் தெரியாது, வெட்டவும் தெரியாது. ரைஃபிள் என்பது துப்பாக்கி வடிவில் செதுக்கி, வெள்ளை டேப் சுற்றி, பட்டை மாட்டிய மரக்கட்டை. சேபர் முனை மழுங்கிய வாள். இரண்டும் சுழல்வதற்கும் ஒளிர்வதற்கும் மட்டுமே. இதைச் சொன்னதும் அவர் முகத்தில் இருந்த இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது.

மதிப்பெண்ணில் கலர் கார்டுக்கென்று நேரடியாகக் கிடைப்பது நூற்றுக்குப் பத்துதான். ஆனால் 'ஜெனரல் எஃபெக்ட்' என்ற மொத்த விளைவுக்கு நாற்பது மதிப்பெண் இருக்கிறது. பார்க்கிறவரின் கண் போகிற இடமெல்லாம் கார்டு நிற்பதால் அந்த நாற்பதிலும் இவர்கள் கை உண்டு. சாம்பியன்ஷிப்பில் முதலிடம் பெறும் கார்டுக்கு ஜார்ஜ் ஜிங்காலியின் பெயரில் விருது தருகிறார்கள். எண்பதுகளில் கார்ஃபீல்டு கேடட்ஸ் குழு மைதானத்தில் நகரும் விதத்தையே மாற்றி எழுதிய வடிவமைப்பாளர் அவர்.

சரி, பிள்ளை எதைத் தயார் செய்ய வேண்டும்?

வீட்டுக்கு வந்திருந்த பெண்ணைக் கேட்டேன். "ஆண்ட்டி, ரைஃபிள்ல அஞ்சு சுத்து போடப் பழகறேன். ஆடிஷனுக்குள்ள ஆறு வந்துடணும்" என்றாள். வீசிய ரைஃபிள் காற்றில் முழுதாக ஆறு முறை சுழன்று கைக்குத் திரும்ப வருவதைத்தான் சொல்கிறாள். இந்த வயதில் எல்லாரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். என் மகளும் முதல் வருடம் அப்படித்தான் நினைத்தாள், அந்த வருடம் அவளுக்கு இடம் கிடைக்கவில்லை.

நான் சொல்ல வருவது இதுதான். ஆடிஷனில் உட்கார்ந்து பார்ப்பவர்கள் உங்கள் பிள்ளை ஏற்கெனவே எதைப் பிடிக்கிறாள் என்று பார்ப்பதைவிட, சொன்னதை எவ்வளவு வேகமாக உடம்பில் ஏற்றிக்கொள்கிறாள் என்றுதான் பார்க்கிறார்கள். மே மாதம் பயிற்சி தொடங்கினால் ஜூன் கடைசியில் முதல் போட்டி வந்துவிடும். நிகழ்ச்சி ஆகஸ்ட் வரை மாறிக்கொண்டே இருக்கும். இன்று காலை சொல்லிக் கொடுத்த மாற்றத்தை இன்று இரவே பார்வையாளர் முன்னால் ஆட வேண்டிவரும். அதைத் தாங்குகிற பிள்ளையைத்தான் அவர்கள் தேடுகிறார்கள்.

அதனால் தயாரிப்பு அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டும். கொடியில் அதன் பெயர் டிராப் ஸ்பின். கம்பை உடம்புக்கு முன்னால் நேராக நிறுத்தி, கைமாற்றிக் கைமாற்றிச் சுழற்றுவது. கொடியின் தலை கீழே போகையில் ஒரு எண்ணிக்கை, மேலே வருகையில் அடுத்தது. பார்க்க எளிது. ஐந்து நிமிடம் நிறுத்தாமல் செய்யச் சொல்லுங்கள். இரண்டாவது நிமிடத்தில் கம்பு முன்பக்கம் சாயும். மூன்றாவது நிமிடத்தில் தோள் காதை நோக்கி ஏறும். நான்காவதில் எண்ணிக்கைக்கு அரை நொடி முன்னே போய்விடும். இந்த மூன்றும் நேராகும்வரை வேறு எதையும் தொட வேண்டாம் என்பது என் எண்ணம். பிறகு இதே சுழற்சியை இடது பக்கம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இடது கை சவலைப் பிள்ளை மாதிரி கிடக்கும். ஆடிஷனில் வலது பக்கம் கற்றுக் கொடுத்துவிட்டு, "இப்போது இதையே இடது பக்கம் செய்யுங்கள்" என்று சொல்வது வழக்கம். அங்கேதான் வரிசை கலையும்.

கம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரும்பாலும் ஆறடி அலுமினியக் குழாய்தான். இரு முனையிலும் எடைக்காக உள்ளே போல்ட் போட்டு ரப்பர் மூடியால் அடைத்திருப்பார்கள். அந்த எடை இல்லாத இலேசான கம்பில் வீட்டில் பழகினால், அங்கே கையில் தரும் கம்பு அந்நியமாக இருக்கும். பள்ளியில் எதில் பழகுகிறாளோ அதேபோல் ஒன்றை வீட்டிலும் வைத்துக்கொள்வது நல்லது. துணி இல்லாமல் வெறும் கம்பைச் சுழற்றுவதும் போதாது. 'சில்க்' என்று அவர்கள் சொல்லும் அந்தத் துணி காற்றைப் பிடிக்கும், இழுக்கும், சில சமயம் கம்பிலேயே சுற்றிக்கொள்ளும். அதனால் ஜிம்மில் மட்டும் பழகாமல், காற்றடிக்கும் நாளில் வெளியே போய்ப் பழக வேண்டும். போட்டிகள் பெரும்பாலும் திறந்த மைதானங்களில்தான் நடக்கின்றன.

ரைஃபிளில் ஆறு சுற்றை விட்டுவிட்டு இரண்டு சுற்றுக்கு வரச் சொன்னேன் அந்தப் பெண்ணை. ஒரே உயரம், ஒரே வேகம், உள்ளங்கை மரத்தில் படும்போது ஒரே ஓசை. பிடித்த பிறகு ரைஃபிள் அங்கேயே உறைந்து நிற்க வேண்டும், ஆடக் கூடாது. பத்துக்குப் பத்து முறை அப்படி வந்தால் மூன்றுக்குப் போகலாம். ஆறு சுற்றைப் பத்தில் நான்கு முறை பிடிக்கிறவளைவிட, மூன்று சுற்றைப் பத்திலும் பிடிக்கிறவளைத்தான் ஒரு பயிற்சியாளர் நம்புவார்.

அம்மா இடைமறித்தார். "இவ ஏழு வருஷம் பரதம் கத்துக்கிட்டா. அது உதவுமா?"

உதவும். எண்ணிக்கை விஷயத்தில் பரதம் கற்ற பிள்ளை மற்றவர்களைவிட ஒரு படி மேலே நிற்கும். ஐந்திலும் ஏழிலும் போகும் இசை அவளைப் பயமுறுத்தாது. அரைமண்டியில் நின்ற தொடைக்குத் தாங்கும் சக்தி உண்டு. முகத்தில் பாவம் வைக்கக் கூச்சம் இருக்காது, இதற்கு மற்ற பிள்ளைகள் படும் பாட்டை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் பாதம் வேறு கதை. பரதத்தில் பாதம் தரையைத் தட்டி ஒலி எழுப்பும். இங்கே பாதம் தரையைத் தடவிக்கொண்டே போய் விரல்நுனிவரை நீள வேண்டும். பரதத்தில் முதுகு தூண்போல் நிற்கும். இங்கே முதுகு வளைய வேண்டும், சுருங்க வேண்டும், தரையில் உருள வேண்டும். இவர்கள் கேட்பது பாலேயும் ஜாஸும் கன்டெம்பரரியும் கலந்த உடம்பு. ஆடிஷன் நாளில் கொடியைத் தொடுவதற்கு முன்பே நடனத்தைத்தான் பார்ப்பார்கள். ப்ளியே, தாந்து என்ற பாலே அடிப்படைகளில் தொடங்கி, அறையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குக் குதித்தும் சுழன்றும் போகச் சொல்வார்கள். ஆகவே வசதி இருந்தால் ஆறு மாதமாவது ஒரு பாலே வகுப்பில் சேர்த்துவிடுங்கள். தொடக்கநிலை வகுப்பே போதும், கூட நிற்பவர்கள் எட்டு வயதுக் குழந்தைகளாக இருந்தாலும் பரவாயில்லை. கலர் கார்டுக்கென்று செலவழிக்கும் காசில் இதுதான் மிகப் பயனுள்ளது என்று உறுதியாகச் சொல்வேன்.

மூச்சையும் கவனிக்க வேண்டும். ஊதுபவர்களின் சாதாரண நடை எட்டுக் காலடிக்கு ஐந்து கஜம், அதாவது ஒரு காலடிக்கு இருபத்திரண்டரை அங்குலம். கார்டு பெரும்பாலும் அந்த அளவில் நடப்பதில்லை, ஓடுகிறது. மைதானத்தின் ஒரு கோடியில் கொடியை வைத்துவிட்டு, மறு கோடியில் ஒளித்து வைத்திருக்கும் ரைஃபிளை நோக்கி ஓடி, குனிந்து எடுத்து, அடுத்த எண்ணிக்கையில் மூச்சு வாங்குவது தெரியாமல் நிமிர வேண்டும். வாரம் நான்கு நாள் ஓட்டமும் நிறையத் தண்ணீரும் வேண்டும் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன்.

இனி ஆடிஷன் நாள். கேம்ப் என்பார்கள், பெரும்பாலும் ஒரு வார இறுதி முழுக்க நடக்கும். உடம்பின் கோடு தெரிகிற கறுப்பு உடை, இறுக்கிக் கட்டிய முடி, நெஞ்சில் ஒரு எண். முப்பத்திரண்டு எண்ணிக்கைக்கு ஒரு துண்டு கற்றுத் தருவார்கள். கொஞ்ச நேரத்தில் மூன்று நான்கு பேராக முன்னால் வந்து ஆடச் சொல்வார்கள். நடுவே யாராவது வந்து "முழங்கையை நீட்டு" என்பார். அடுத்த முறை முழங்கை நீள்கிறதா என்று அவர் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பார்.

கை நழுவிக் கீழே விழுவதும் நடக்கும். எல்லாருக்கும் நடக்கும், இண்டியானாபொலிஸ் இறுதிப் போட்டியிலும் நடக்கிறது. என் மகளுக்கு முதல் ஆடிஷனில் ரைஃபிள் விழுந்தபோது அவள் உதட்டைக் கடித்து, கண்ணை மூடி, "ஸாரி" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு எடுத்தாள். அதற்குள் எட்டு எண்ணிக்கை போய்விட்டது. அடுத்த வருடம் அவள் பழகியவற்றில் பாதி இதுதான். வேண்டுமென்றே கீழே போடுவாள். முகம் மாறாமல், ஆடுகிற உடம்பின் ஓட்டத்திலேயே இறங்கி எடுத்து, கூட்டம் எந்த எண்ணிக்கையில் இருக்கிறதோ அங்கே போய்ச் சேர்ந்துகொள்வாள். எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஒரு மாதம் முழுக்க 'டொக்' 'டொக்'கென்று அந்தச் சத்தம்தான். இரண்டாவது ஆடிஷனிலும் விழுந்தது. எடுத்தாள். அன்று மாலையே அவளைக் கூப்பிட்டு இடம் கொடுத்தார்கள்.

நேரில் போக முடியாத பிள்ளைகளிடமிருந்து வீடியோ வாங்கும் கோர்களும் உண்டு. அதில் பெற்றோர் செய்யும் தவறு, பாசத்தில் முகத்தை நெருங்கி எடுப்பது. போனைப் படுக்கைவாட்டில் அசையாமல் நிறுத்தி, பாதமும் தெரிய, வீசிய ரைஃபிளின் உச்சமும் தெரிய எடுங்கள். வெட்டி ஒட்ட வேண்டாம்.

பணத்தையும் மறைக்கக் கூடாது. பெரிய கோர்களில் ஒரு பருவத்துக்குச் சில ஆயிரம் டாலர் கட்டணம், அதற்கு மேல் விமானச் செலவு. பள்ளி ஜிம் தரையில் படுக்கை, இரவெல்லாம் பஸ், பகலெல்லாம் வெயிலில் பயிற்சி. உதவித்தொகை தரும் கோர்கள் இருக்கின்றன, கேட்டுப் பாருங்கள். கட்டும் நிலையில் இல்லையென்றால் பிள்ளையிடம் அதை இப்போதே சொல்லிவிடுங்கள். இடம் கிடைத்த பிறகு சொல்வது கொடுமை.

இடம் கிடைக்காமல் போனாலும் வழி அடைபடுவதில்லை. ஓப்பன் கிளாஸ் என்று சிறிய கோர்கள் இருக்கின்றன. குளிர்காலத்தில் ஜிம்முக்குள் ஆடும் வின்டர் கார்டு இருக்கிறது, 1977இல் தொடங்கிய டபிள்யூ.ஜி.ஐ. அமைப்பு அதற்கு ஒவ்வொரு வசந்தத்திலும் ஒஹாயோவின் டேட்டனில் சாம்பியன்ஷிப் நடத்துகிறது. என் மகள் இடம் கிடைக்காத அந்த வருடத்தை ஒரு வின்டர் கார்டில்தான் கழித்தாள், நிறையக் கற்றாள்.

அவர்கள் கிளம்பும்போது அந்த அம்மா வாசலில் நின்று, "ஜூலைல சான் அன்டோனியோ அலமோடோம்ல பெரிய போட்டி நடக்கும்னு சொன்னீங்களே, நாங்களும் வந்து பாக்கலாமா?" என்று கேட்டார். கட்டாயம் பார்க்க வேண்டும். உங்களுக்கும் அதையே சொல்கிறேன். சம்மதமோ மறுப்போ சொல்வதற்கு முன், பிள்ளையோடு போய் ஒரு மாலை உட்கார்ந்து பாருங்கள். ஆடிஷன் கேம்ப்கள் பெரும்பாலும் நவம்பர், டிசம்பரில் தொடங்கிவிடும். டிராப் ஸ்பின்னை இன்றைக்கே தொடங்கலாம்.