உப்பும் குளிரும்

விழுப்புரம் ஜில்லா இடையஞ்சாவடியில் குளிர் என்றால் மார்கழி விடியற்காலைப் பனி, அவ்வளவுதான். அங்கே மின்சார ஸ்கூட்டரில் போகிறவர் குளிரை நினைத்து அஞ்ச வேண்டியதில்லை. லடாக்கிலோ, குளிர்கால இரவில் உஷ்ணமானி பூஜ்யத்துக்குக் கீழே 20, 30 டிகிரி இறங்கிவிடுகிறது. எல்லை காக்கும் நம் வீரர்களின் ரேடியோக் கருவிக்கு உயிரளிக்கும் லித்தியம் மின்கலம் அப்போது சோர்ந்து போகிறது. ஏன்?

இடையஞ்சாவடியிலிருந்து கடலோரமாக வடக்கே சென்றால் மரக்காணத்து உப்பளங்கள். உப்புக் கரைவதும் பிரிவதும் அங்குள்ளோருக்குப் பழகிய விஷயம். மின்கலத்தின் சூட்சுமமும் இதுவே. அதனுள் இருப்பது லித்தியம் உப்பு. அதைக் கரைத்து வைத்திருப்பது மட்டும் நீரன்று, கார்பனேட் என்னும் ரசாயனத் திரவங்கள்.

அவற்றுள் முக்கியமான எத்திலீன் கார்பனேட், கிராபைட் முனையின்மேல் ஒரு காவல் படலத்தை உண்டாக்குகிறது. ஆனால் தனியாக வைத்தால் 36 டிகிரியிலேயே உறைந்துவிடும்; நம் மார்கழிப் பகலிலும் அது கட்டிதான்! ஆகவே எளிதில் உறையாத வேறு திரவங்களை அதனுடன் கலக்கிறார்கள்.

அதோடு தொல்லை தீரவில்லை. லித்தியம் அயனி தனியே செல்வதில்லை. திரவத்தின் மூலக்கூறுகள் பரிவாரம்போல் அதைச் சூழ்ந்து செல்கின்றன. கிராபைட்டின் வாசலில் பரிவாரத்தை விட்டுவிட்டே அது உள்ளே நுழைய வேண்டும். குளிரில் இந்தப் பிரிவு அரிதாகிறது. அப்போது வலிந்து மின்னேற்றினால் லித்தியம் வாசலிலேயே உலோகமாகப் படிந்து ஊசிபோல் வளரும். அது எதிர்முனையைத் தொட்டால் தீ விபத்துக்கும் இடமுண்டு. கலத்தைச் சூடாக்கிக் காக்கலாம்; அதற்கே சேமித்த சக்தி செலவாகிறது.

ஆகவே அயனியைத் தளர்வாகப் பற்றும் திரவங்களை விஞ்ஞானிகள் தேடுகிறார்கள். இறுகப் பற்றும் திரவத்தில் உப்பு நன்கு கரையும், ஆனால் எளிதில் பிரியாது. தளரப் பற்றுவதில் எளிதில் பிரியும், ஆனால் நன்கு கரையாது. இவ்விரண்டுக்கும் நடுவழி காண்பதே அவர்கள் முன்னுள்ள வேலை.

விழுப்புரத்துக்காரரான ஸ்ரீ வீரமுத்துவேல் தலைமையில் உருவான சந்திரயான் 3, 2023 ஆகஸ்டு 23-ல் நிலவில் இறங்கியது. பதினான்கு நாள் வேலைக்கென்றே செய்யப்பட்ட அதன் கருவிகளை, நிலவின் நீண்ட இரவு கழிந்தபின் எழுப்பிப் பார்த்தார்கள், பதில் வரவில்லை. அத்தகைய கடுங்குளிருக்குத் திரவம் ஒன்றே மருந்தாகாது. லடாக்கின் குளிருக்கு ஆகக்கூடும்.

1948-ல் நேரு அஸ்திவாரமிட்ட காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில் லித்தியம் மின்கல ஆராய்ச்சி நடந்து வருகிறது. பனியே அறியாத செட்டிநாட்டு வெயிலில் பனிமலைக்கான மருந்து பிறந்தால், அதைவிட நமக்குப் பெருமை வேறென்ன?