இறுகிய திருகும் இளகும் பசையும்

திருச்சிராப்பள்ளியிலும் ஸ்ரீரங்கத்திலும் திருமணங்களைப் படம்பிடிக்கப் பறக்கவிடப்படும் சிறிய ட்ரோன்கள் சிலவற்றில், புரொப்பெல்லர் எனப்படும் சுழல் இறக்கையை மோட்டாரோடு பிணைப்பவை மிக நுண்ணிய திருகுகளே. நிமிடத்துக்குப் பல ஆயிரம் முறை சுழலும் மோட்டாரின் அதிர்வில் அவை கழன்றுவிடாதிருக்க மரையில் பசை தடவப்பட்டிருப்பதால், தேய்ந்த இறக்கையை மாற்ற முனைவோர் பலர் திருகின் தலையை மழுங்கடித்துவிட்டே ஓய்கின்றனர்.

அமெரிக்காவின் டிரினிட்டி கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்த வெர்னான் கிரீபிள் 1950-களில் லாக்டைட் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்த இவ்வகைப் பசை, காற்றில் உலரும் பசைகளுக்கு நேர்மாறானது. ஆக்சிஜன் பட்டுக்கொண்டிருக்கும்வரை நீர்மமாகவே இருந்து, காற்று புகாத மரையிடுக்கில் உலோக அயனிகள் தூண்டும்போது மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைய, அது கெட்டிப் பிளாஸ்டிக்காக இறுகுகிறது; பசைக்குப்பியை முழுதும் நிரப்பாமல் காற்றுக்கு இடம் விடுவதும் இதனாலேயே.

சூடாக்கினால் திருகு கழலும் என்பது பட்டறைகள் அறிந்ததே. ஆனால் உலோகம் விரிந்து பிடி தளர்கிறது என்று அதற்குச் சொல்லப்படும் காரணம் இங்கே பொருந்தாது. நீலகிரி மலை ரயிலுக்கு நீராவி எஞ்சின்களைக் கட்டிய பொன்மலை ரயில்வே பணிமனை போன்ற இடங்களில், சக்கரத்தின் மேல் எஃகு வளையத்தை ஏற்றுவதற்கு வளையத்தைச் சூடாக்குவர். வெளியிலுள்ளது விரிவதால் பிடி தளர்கிறது. புரொப்பெல்லரிலோ சூடு முதலில் சேர்வது உள்ளிருக்கும் திருகுக்கு. இரண்டு மில்லிமீட்டர் எஃகுத் திருகு 100 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 0.0024 மில்லிமீட்டர் பருக்கும். அது பிடியை இறுக்குமேயன்றித் தளர்த்தாது. தளர்வது பசைதான். ஆகவே பசை இளகியிருக்கும்போதே திருகைச் சுழற்றிவிட வேண்டும்; ஆறவிட்டால் பிடியின் பெரும்பகுதி மீண்டுவிடும்.

வேண்டிய சூடு பசையின் வலிமையைப் பொறுத்தது. நடுத்தர வலிமையுள்ளது கைக்கருவிக்கே இணங்கும். மிகு வலிமையுள்ளதற்கு 250 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு தேவைப்படும். ஆனால் மோட்டாரில் உள்ள நியோடைமியம் காந்தங்களின் சாதாரண வகை, 80 டிகிரியைத் தாண்டினாலே வலுவிழக்கத் தொடங்கும். எனவே வெப்பக்காற்றுத் துப்பாக்கியைத் தவிர்த்து, மின்கலத்தைக் கழற்றிய பின், சால்டரிங் அயர்னின் நுனியைத் திருகின் தலையில் மட்டும் சில நொடிகள் வைத்து எடுப்பதே தக்க முறை. அசிட்டோன் ஊற்றுவது வீண். அதோடு, பாலிகார்பனேட் பாகங்களில் அது விரிசல் விழச் செய்யும்.

ஸ்டார் ஸ்க்ரூடிரைவரின் சாய்ந்த விளிம்புகள் திருப்பும் விசையின் ஒரு பகுதியை மேல்நோக்கித் தள்ளுவதால், அளவு சரியான, தேயாத முனையைச் செங்குத்தாக அழுத்தியபடியே மெல்லத் திருப்ப வேண்டும். அப்போது இறக்கையைப் பிடிக்காமல் மோட்டாரின் வெளிக்கூட்டைப் பிடிப்பது நல்லது. சில ட்ரோன்களில் இடமரையும் உண்டென்பதால் திசையை முன்பே பார்த்துக்கொள்வது அவசியம். கழற்றிய திருகைத் திரும்ப முடுக்குவது தவறான சிக்கனம்; பசை உடைந்த மரை அதிர்வைத் தாங்காது என்பதால், புதிய இறக்கையோடு வரும் புதிய திருகையே பயன்படுத்த வேண்டும்.