வைஷாலியின் சதுரங்கம்: ஆட்டமும் ஏற்றமும் திருத்தமும்

(பத்தாம் வகுப்பு மாணவி)

முன்னுரை

அறுபத்து நான்கு கட்டங்கள், முப்பத்திரண்டு காய்கள், எதிரெதிரே இருவர். பார்ப்பதற்குச் சதுரங்கம் இவ்வளவுதான். ஆனால் ஆட்டம் தொடங்கிய சிறிது நேரத்திலேயே ஆடுபவரின் பொறுமை, துணிவு, அவசரம், அச்சம் ஆகிய யாவும் அந்தச் சிறு பலகையின்மேல் வெளிப்பட்டுவிடும். "விளையாட்டு வினையாகும்" என்பது பழமொழி. விளையாட்டே வித்தையாவதும் உண்டு என்பதற்குச் சதுரங்கம் சான்று.

இன்று அந்தப் பலகை கைப்பேசிக்குள்ளும் வந்துவிட்டது. வீட்டுப்பாடத்தை முடித்தபின், அப்பாவிடம் கெஞ்சிக் கைப்பேசியை வாங்கி, இராசிபுரத்தில் இருந்தபடியே பிரேசில் நாட்டுச் சிறுமி ஒருத்தியுடன் ஆடிவிடலாம். எங்கள் பள்ளியின் சதுரங்கக் குழுவில் ஆறாம் வகுப்பில் பன்னிருவர் சேர்ந்தோம். இன்று பத்தாம் வகுப்பில் நால்வரே எஞ்சியிருக்கிறோம். சிலர் பாடச்சுமையால் விலகினர். சிலரோ, தொடர்ந்து தோற்றதால் "எங்களுக்கு இது வராது" என்று விலகினர்.

அவர்கள் கூறியது சரிதானா என்று அறிய விரும்பினோம். அதற்காகத் தமிழ்நாட்டின் முதல் பெண் கிராண்ட்மாஸ்டரான சென்னை வைஷாலி ரமேஷ்பாபுவின் சதுரங்க வாழ்வை எடுத்து ஆராய்ந்தோம். அவர் எப்படி உயர்ந்தார்? எப்படி ஆடுகிறார்? அவரும் திருத்திக்கொள்ள வேண்டியது ஏதேனும் உண்டா? இம்மூன்று வினாக்களுக்கும் எங்கள் சிற்றறிவுக்கு எட்டிய விடைகளை இங்கே தருகிறோம்.

ஏணிப்படிகள்

வைஷாலி 2001ஆம் ஆண்டு ஜூன் 21ஆம் நாள் பிறந்தார். சிறு வயதில் அவர் தொலைக்காட்சியின் முன்பே அமர்ந்திருந்தாராம். அந்தப் பழக்கத்தை மாற்றவே பெற்றோர் அவரை ஓவிய வகுப்பிலும் சதுரங்க வகுப்பிலும் சேர்த்தனர். அக்காளைப் பார்த்துத்தான் தம்பி பிரக்ஞானந்தாவும் சதுரங்கக் காய்களைக் கையில் எடுத்தார்.

2012இல் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட சிறுமியருக்கான உலகப் பட்டத்தையும், 2015இல் பதினான்கு வயதுக்குட்பட்டோருக்கான உலகப் பட்டத்தையும் வைஷாலி வென்றார். 2013இல் நார்வே நாட்டு மாக்னஸ் கார்ல்சன் சென்னையில் ஒரே நேரத்தில் பலருடன் ஆடிக் காட்டினார். அவரைத் தோற்கடித்தார் பன்னிரண்டு வயது வைஷாலி!

ஆயினும் அதன்பின் ஏற்றம் எளிதாக அமையவில்லை. நான்கு வயது இளையவரான தம்பி 2018ஆம் ஆண்டிலேயே, பதின்மூன்று வயது நிரம்புமுன், கிராண்ட்மாஸ்டர் ஆகிவிட்டார். அதே ஆண்டில் வைஷாலி மகளிர் கிராண்ட்மாஸ்டர் பட்டமே பெற்றார். 2021இல் சர்வதேச மாஸ்டர் ஆனார். 2023 டிசம்பர் 1ஆம் நாள் ஸ்பெயின் நாட்டுப் போட்டி ஒன்றில் 2500 தரப்புள்ளிகளைக் கடந்து கிராண்ட்மாஸ்டர் தகுதியை நிறைவு செய்தார். கோனேரு ஹம்பி, ஹரிகா துரோணவல்லி ஆகியோருக்குப் பிறகு அத்தகுதியை அடைந்த மூன்றாவது இந்தியப் பெண்மணி அவர். உடன்பிறந்த அக்காளும் தம்பியும் கிராண்ட்மாஸ்டர்களானது உலகில் அதுவே முதல் முறை.

தம்பி முந்திச் சென்றபோது, "எனக்கு இது வராது" என்று அக்காள் விலகியிருந்தால் யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். ஐந்து ஆண்டுகள் கழித்து அதே படியை அவரும் அடைந்தார். தம்பி தங்கையரைப் பெற்ற மூத்த பெண்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

தரப்புள்ளி என்பது யாது?

சதுரங்கத்தில் வளர்ச்சியை அளக்கும் கோல் தரப்புள்ளி. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக விளங்கிய ஆர்பாத் ஈலோ இதை வகுத்தார். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970இல் இம்முறையை ஏற்றது. இதன் கருத்து எளியது. தம்மைவிட 200 புள்ளிகள் குறைந்தவருடன் நான்கு ஆட்டங்கள் ஆடுபவர் ஏறக்குறைய மூன்று புள்ளிகள் பெறுவார் என எதிர்பார்க்கப்படுகிறது. எதிர்பார்த்ததற்கு மேல் பெற்றால் தரம் ஏறும், குறைந்தால் இறங்கும்.

எனவே எளியவர்களை மட்டுமே தேடித் தேடி வென்றால் தரம் அதிகம் உயராது. வலியவரோடு மோதித்தான் உயர வேண்டும். வலியவரோடு மோதினால் தோல்வியும் வரத்தான் செய்யும். தேர்வு மதிப்பெண் அப்படியன்று. ஒருமுறை பெற்றால் பெற்றதுதான். தரப்புள்ளியோ அடுத்த ஆட்டத்தில் மீண்டும் சோதிக்கப்படும்.

ஆட்ட முறை

சதுரங்க வீரர்களில் பொறுமையாகக் கோட்டை கட்டி, எதிரி தவறு செய்யும்வரை காத்திருப்போர் ஒரு வகை. தாமே முன்சென்று தாக்குவோர் மற்றொரு வகை. வைஷாலி இரண்டாம் வகையினர். வெள்ளைக் காய்களுடன் ஆடும்போது ராஜாவின் முன்னுள்ள சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தித் தொடங்குவது அவருக்கு மிகவும் பழக்கமானது. அதனால் காய்களுக்கு விரைவில் வழி திறக்கும். போரும் விரைவில் மூளும். கறுப்புக் காய்களுடன் ஆடும்போது அவர் பலமுறை கையாண்டது சிசிலியன் தற்காப்பு. பெயர்தான் தற்காப்பு, உண்மையில் அது எதிர்த்தாக்குதலுக்கு வழிகோலும் முறை.

இந்தத் துணிவின் பயனை 2023இல் உலகம் கண்டது. மான் தீவில் நடைபெற்ற மகளிர் கிராண்ட் சுவிஸ் போட்டியில் 11 சுற்றுகளில் 8.5 புள்ளிகள் பெற்று, ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் வென்றார். 2024 செப்டம்பரில் புடாபெஸ்ட் நகர ஒலிம்பியாட்டில் இந்திய மகளிர் முதன்முறையாகத் தங்கம் வென்றபோது அவ்வணியிலும் இடம்பெற்றிருந்தார். அவருடைய நீண்டகாலப் பயிற்சியாளர் கிராண்ட்மாஸ்டர் ஆர். பி. ரமேஷ் ஆவார்.

கணினித் திரையில்

2020ஆம் ஆண்டில் கொரோனா நோயால் உலகமே வீட்டுக்குள் முடங்கியது. சதுரங்கம் மட்டும் திரைக்கு இடம்பெயர்ந்தது. அவ்வாண்டு இணையவழியில் நடந்த மகளிர் விரைவுச் சதுரங்கப் போட்டியில், முன்னாள் உலகச் சாம்பியனான பல்கேரியாவின் அந்தோனெத்தா ஸ்தெபனோவாவை 6-5 என்ற கணக்கில் வைஷாலி வென்றார். அதே ஆண்டு ஆகஸ்டில் நடந்த இணையவழி ஒலிம்பியாட்டில் இந்தியாவும் ரஷ்யாவும் தங்கத்தைப் பகிர்ந்துகொண்டன. இறுதிச் சுற்றில் இணைய இணைப்பு துண்டிக்கப்பட்டதே பகிர்வுக்குக் காரணம். அந்த இந்திய அணியிலும் வைஷாலி இருந்தார்.

2024ஆம் ஆண்டின் இறுதியில் நியூயார்க்கில் நடந்த மகளிர் உலக மின்னல்வேகப் போட்டியில் அவர் வெண்கலமும் பெற்றார். சில நிமிடங்களில் முடிந்துவிடும் ஆட்டங்கள் அவை. ஆகவே, அவர் வேகமாக ஆட அறியாதவர் அல்லர் என்பது தெளிவு.

திருத்த வேண்டியது

இங்கேதான் எங்களுக்கு ஓர் ஐயம் எழுந்தது. மின்னல்வேக ஆட்டத்தில் வெல்பவர், நிதானமாக யோசிக்க நேரமுள்ள நீண்ட ஆட்டங்களில் பலமுறை நேர நெருக்கடியில் சிக்கிக்கொள்கிறாரே, அது ஏன்? நீண்ட ஆட்டத்தில் முதல் நாற்பது நகர்த்தல்களுக்கு ஒன்றரை மணி நேரம் தருவதுண்டு. ஒவ்வொரு நகர்த்தலுக்கும் முப்பது விநாடி கூடுதலாகச் சேரும். முப்பதாவது நகர்த்தலுக்கு முன்பே கடிகாரம் கரைந்துவிட்டால், மீதி நகர்த்தல்களை விநாடிக் கணக்கில் ஆட வேண்டும். நல்ல நிலைகள் கைநழுவுவது அப்போதுதான்.

நாங்கள் கண்ட விடை இது. தாக்கி ஆடுபவர் ஒரு காயைப் பலி கொடுக்குமுன் ஐந்தாறு நகர்த்தல்களை மனத்திலேயே ஆடிப் பார்க்க வேண்டும். ஒன்று பிசகினாலும் கொடுத்த காய் கொடுத்ததுதான். எனவே மிகச் சிறந்த நகர்த்தலைத் தேடித் தேடி நேரத்தைச் செலவிடுகிறார். மின்னல்வேகத்தில் அந்த ஆசைக்கே இடமில்லை. கண்டதும் ஆட வேண்டும். ஆகவே அவருடைய பலமும் குறையும் ஒரே வேரிலிருந்து முளைத்தவை. குறையைக் களைகிறோம் என்று வேரையே பிடுங்கிவிட்டால் பலமும் போய்விடும்.

கொல்லிமலைப் பாதையில் காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. வண்டியில் வலு இருக்கிறதே என்று ஓட்டுநர் எல்லா வளைவிலும் ஒரே வேகத்தில் செல்வதில்லை. எங்கே அழுத்த வேண்டும், எங்கே தளர்த்த வேண்டும் என்பதை அவர் அறிவார். நேரத்தைப் பங்கிடுவதும் அத்தகைய கலையே. எளிய நகர்த்தலில் மிச்சம் பிடித்து, கடினமான இடத்தில் செலவிட வேண்டும்.

இரண்டு வீழ்ச்சிகள்

2024 ஏப்ரலில் கனடாவின் டொராண்டோ நகரில் மகளிர் கேண்டிடேட்ஸ் போட்டி நடந்தது. உலகச் சாம்பியனுடன் மோதப் போகிறவரைத் தேர்ந்தெடுக்கும் போட்டி அது. எண்மர் ஆடினர், 14 சுற்றுகள். ஆறாம் சுற்றிலிருந்து ஒன்பதாம் சுற்றுவரை வைஷாலி தொடர்ந்து நான்கு ஆட்டங்களில் தோற்றார். ஒன்பது சுற்றுகளின் முடிவில் அவர் பெற்றிருந்தது இரண்டரைப் புள்ளிகளே. இனி என்ன ஆடினாலும் முதலிடம் கிட்டுவது மிக அரிது என்ற நிலை. அப்படிப்பட்ட நிலையில், மீதமிருந்த ஐந்து ஆட்டங்களையும் வென்றார்! மொத்தம் ஏழரைப் புள்ளிகளுடன் ஹம்பியோடும் சீனாவின் லெய் திங்ஜியோடும் இரண்டாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார்.

2025 ஆகஸ்டில் சொந்த ஊரான சென்னையில் நடந்த போட்டியில் இதைவிடப் பெரிய வீழ்ச்சி. தொடர்ந்து ஏழு ஆட்டங்களில் தோல்வி. ஒன்பது சுற்றுகளில் ஒன்றரைப் புள்ளிகள். அடுத்த போட்டிக்குச் செல்லவே வேண்டாம் என்று கருதும் அளவுக்கு மனம் தளர்ந்தார். தம்பியும் நண்பர்களும் வற்புறுத்தவே சென்றார். செப்டம்பரில் உஸ்பெகிஸ்தானின் சமர்கந்து நகரில் 11 சுற்றுகளில் 8 புள்ளிகள் பெற்று, மகளிர் கிராண்ட் சுவிஸ் பட்டத்தை இரண்டாம் முறையாக வென்றார். மீண்டும் கேண்டிடேட்ஸ் தகுதியும் பெற்றார். அப்பட்டத்தை இருமுறை வென்றவர் அவருக்கு முன் எவருமில்லை.

சென்னையில் தோற்றவரும் சமர்கந்தில் வென்றவரும் ஒருவரே. இடையில் இருந்தவை சில வாரங்கள்தாம். அதற்குள் ஒருவருடைய அறிவு குறைந்து வளர்ந்துவிடுமா? எனவே ஒரு போட்டியின் முடிவைக் கொண்டு, "எனக்கு இது வரும், வராது" என்று தீர்ப்பு எழுதுவது பிழை.

எங்கள் குறிப்பேடு

இதை உணர்ந்ததும் நாங்கள் நால்வரும் ஒரு குறிப்பேடு போட்டோம். வென்ற ஆட்டங்களை அதில் எழுதுவதில்லை. தோற்ற ஆட்டம் ஒவ்வொன்றுக்கும் மூன்று செய்திகளை மட்டும் குறிப்போம்: எந்த நகர்த்தலில் ஆட்டம் கெட்டது? அந்த நகர்த்தலுக்கு எவ்வளவு நேரம் யோசித்தோம்? முடிவில் கடிகாரத்தில் எவ்வளவு நேரம் மீதி இருந்தது?

நாற்பது ஆட்டங்கள் சேர்ந்தபின் ஒரு நாள் மதிய உணவு இடைவேளையில் கூட்டிப் பார்த்தோம். வியப்படைந்தோம், வெட்கமும் அடைந்தோம். பத்து நிமிட ஆட்டங்களில் நாங்கள் தோற்றபோது, பெரும்பாலும் ஆறு, ஏழு நிமிடங்கள் கடிகாரத்தில் மீதியிருந்தன! ராணியைப் பறிகொடுத்த நகர்த்தல்கள் பலவற்றுக்கு நாங்கள் யோசித்தது இரண்டே விநாடிகள். வைஷாலியின் குறை அதிகம் யோசிப்பது. எங்கள் குறையோ யோசிக்காமலே ஆடுவது. அவருக்குரிய மருந்தை நாங்கள் குடித்திருந்தால் நோய் முற்றியிருக்கும். பிறருடைய வாழ்வைப் படிப்பது அவர்களைப் பின்பற்றுவதற்கு மட்டுமன்று. நம்மை நாமே அறிந்துகொள்வதற்கும் ஆகும்.

விலகிய தோழியர் எட்டுப் பேருக்கும் குறிப்பேட்டைக் காட்டினோம். அவர்களுள் இருவர் சனிக்கிழமைதோறும் மீண்டும் ஆட வருகிறார்கள்.

பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம்

பொதுத் தேர்வு ஆண்டில் சதுரங்கம் எதற்கு என்று பெற்றோர் கவலைப்படுவது இயல்பே. கைப்பேசியைக் கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராது என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். ஆகவே நாங்களே ஒரு வரம்பு வகுத்துக்கொண்டோம்: நாளுக்கு ஓர் ஆட்டம், தோற்றால் அதைக் குறித்த பிறகே அடுத்த நாள் ஆட்டம். கோபத்தில் ஒன்றன்பின் ஒன்றாக ஆடித் தோற்பது இதனால் நின்றுவிட்டது. கணக்குத் தேர்வுத் தாள் திரும்பி வந்ததும் மதிப்பெண்ணை மட்டும் பார்த்து மடித்து வைக்கும் பழக்கமும் நின்றுவிட்டது. எந்த வரியில் தவறினோம் என்று இப்போது தேடுகிறோம்.

சதுரங்கம் சென்னைக்கு மட்டும் உரியதன்று என்பதையும் கூற விரும்புகிறோம். நம் அண்டை ஊரான ஈரோட்டைச் சேர்ந்த இனியன் 2019இல் இந்தியாவின் 61ஆவது கிராண்ட்மாஸ்டர் ஆனார். காவிரியின் அக்கரையில் முளைத்தது இக்கரையில் முளைக்காதா?

முடிவுரை

நற்செய்தியில் தாலந்து உவமையை நாம் அறிவோம். தாலந்தை மண்ணில் புதைத்தவன் அதைத் திருடவில்லை, வீணாகச் செலவழிக்கவுமில்லை. இழந்துவிடுவோமோ என்று அஞ்சினான். அதுவே அவன் குற்றம். தோல்விக்கு அஞ்சிப் பலகையை மூடி வைப்பதும் அதைப் போன்றதே. வைஷாலி ஏழு முறை வீழ்ந்தபின்னும் எட்டாம் முறை காய்களை அடுக்கினார். அடுக்குவோம் நாமும், தோற்றால் குறித்துக்கொள்வோம், குறித்ததைத் திருத்திக்கொள்வோம். இறைவன் நமக்கு அளித்த தாலந்து எதுவாயினும் அதைப் புதைக்காமல் பயன்படுத்த அவரே நமக்கு அருள்வாராக.