பெரியவர்களின் விளையாட்டுச் சாமான்

விளையாட்டுச் சாமான் என்றதும் நமக்குப் பிள்ளைகளின் ஞாபகம்தான் வருகிறது. நாற்பது வயது மனிதர் ஒருவர் இராச் சாப்பாடு முடிந்த கையோடு நிறநிறமான கட்டைகளைப் பாயில் பரப்பி வைத்துக்கொண்டு வீடும் பாலமும் கட்டினால், "இவருக்கு வேறு வேலை இல்லையா?" என்று அடுப்படியிலிருந்து குரல் வரும். ஆனால் பல நாடுகளில் ஆண்களும் பெண்களுமாகப் பெரியவர்கள் இதை ஆசையோடு செய்து வருகிறார்கள். பெட்டியில் வந்த படத்தைப் பார்த்துக் கட்டுவதோடு அவர்கள் நிற்பதில்லை. தாங்களே ஒன்றை யோசித்துக் கட்டுகிறார்கள். கட்டிய பின், எந்தக் கட்டைக்கு மேல் எந்தக் கட்டை என்று படிப்படியாக வரைந்து மற்றவர்களுக்கும் கொடுக்கிறார்கள்.

இந்தக் கட்டைகளில் பெயர் பெற்றது லெகோ. டென்மார்க்கின் பில்லுண்ட் என்ற சிற்றூரில் ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் என்ற தச்சர் 1932இல் மரத்தால் விளையாட்டுச் சாமான் செய்யத் தொடங்கினார். பிளாஸ்டிக் கட்டை பின்னால் வந்தது. முதலில் வந்த கட்டைகள் உள்ளே வெறும் கூடு. அடுக்கினால் நிற்கும், தட்டினால் கழன்றுவிடும். கட்டையின் உட்புறத்தில் சிறு குழாய்களை வைத்து, கீழ்க் கட்டையின் குமிழ்களை அவை இறுக்கிப் பிடிக்கும்படி செய்து, 1958 ஜனவரி 28ஆம் திகதி காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். அன்று வார்த்த கட்டை இன்று வாங்கும் கட்டையோடும் பொருந்துகிறது. எட்டுக் குமிழ் உள்ள ஒரே நிறக் கட்டைகள் ஆறு இருந்தால் போதும். அவற்றை 91 கோடிக்கும் அதிகமான விதங்களில் இணைக்கலாம் என்று கணித அறிஞர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். இத்தனையும் அந்தப் பிடிப்பினால் வந்தது.

கட்டியதைப் பகிர்ந்துகொள்வதில்தான் இவர்களுடைய அருமை தெரிகிறது. 1995இல் ஜேம்ஸ் ஜெசிமன் என்ற ஆஸ்திரேலியர், லெகோ மாதிரிகளைக் கணினித் திரையில் கட்டிப் பார்க்க ஒரு நிரலை எழுதினார். அதை யாருக்கும் விற்கவில்லை, இலவசமாகவே கொடுத்தார். இரண்டே வருடத்தில், 1997இல், இளவயதிலேயே காலமாகிவிட்டார். முகம் பார்த்திராத பலர் அந்த வேலையைக் கையில் எடுத்து, ஒவ்வொரு கட்டையாகச் சேர்த்து, இன்றுவரை நடத்தி வருகிறார்கள்.

பின்னாளில் அந்த நிறுவனமே இவர்களிடம் வந்தது. ஒருவர் அனுப்பும் சொந்த மாதிரிக்கு 10,000 பேர் ஆதரவு தெரிவித்தால் அதைப் பரிசீலிப்பார்கள். விற்பனைக்கு எடுத்துக்கொண்டால், வருமானத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு மாதிரியை யோசித்தவருக்கு. எலன் கூய்மன் என்ற பெண் விஞ்ஞானி, லெகோ பொம்மைகளில் பெண்கள் குறைவாக இருப்பதைக் கண்டு, ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் மூன்று பெண்களைச் செய்து அனுப்பினார். ஒருத்தி வானத்தை ஆராய்கிறாள், ஒருத்தி இரசாயனம் பார்க்கிறாள், மற்றவள் பழங்கால விலங்கின் எலும்புக்கூட்டை ஆராய்கிறாள். 2014இல் கடைக்கு வந்த அந்தப் பெட்டி வேகமாக விற்றுத் தீர்ந்தது.

சரி, அந்தப் பெட்டியின் விலை? நம்மில் பலர் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பவும் தட்டில் வைத்துவிட்டு வரும் விலைதான். கிளிநொச்சி மாவட்டத்தில், பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் வீதியில் உள்ள முரசுமோட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். நெல் விளையும் ஊர். போர்க்காலத்தில் குடும்பங்கள் இடம்பெயர்ந்து போன ஊர். அப்படி எழும்பிப் போகிறவர்கள் அரிசியையும் பாயையும் எடுப்பார்களா, விளையாட்டுச் சாமானை எடுப்பார்களா? ஆனால் செய்யும் விதம் தலைக்குள் இருந்தால், போய் இறங்கிய இடத்திலும் செய்யலாம். நுங்கு குடித்து எறிந்த கோம்பை இரண்டை ஒரு தடியால் கோர்த்து, கவர்த்தடியால் தள்ளிக்கொண்டு போகும் வண்டிலை வடக்கில் யார் கடையில் வாங்கினார்கள்? அதற்கும் ஒரு பிடிப்பு வேண்டும். கோம்பைக்குள் தடி இறுகவும் வேண்டும், உருளவும் வேண்டும். அதை அண்ணன் தம்பிக்குக் காட்டிக் கொடுக்கிறான்.

இப்படிக் கைக்குக் கிடைத்ததைக் கொண்டு மாதிரி செய்வதையே வாழ்நாள் வேலையாக்கிக் கொண்டவர் இந்தியாவின் அரவிந்த் குப்தா. கான்பூர் ஐ.ஐ.டி.யில் 1975இல் பொறியியல் முடித்து, லொறி செய்யும் பெரிய தொழிற்சாலையில் வேலைக்குப் போனவர். 1978இல் விடுப்பெடுத்து, மத்தியப் பிரதேசத்தில் அன்றைய ஹோஷங்காபாத் மாவட்டத்துக் கிராமப் பள்ளிகளில் அறிவியல் கற்பிக்கும் திட்டத்தில் சேர்ந்தார். அங்கே அவர் கண்டுபிடித்த இணைப்பு, சைக்கிள் வால்கட்டையில் மாட்டும் மெல்லிய றப்பர் குழாய்! அதன் துண்டுக்குள் நெருப்புக்குச்சி இறுகிப் பிடிக்கிறது. லெகோவின் குமிழும் குழாயும் செய்யும் அதே வேலை. இந்த மாதிரிகளைப் பற்றிய அவரது நூல் பல இந்திய மொழிகளில் வந்திருக்கிறது. செய்முறைகளை யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று இலவசமாகவே விட்டார். இந்திய அரசு 2018இல் பத்மஸ்ரீ கொடுத்தது.

நீங்களும் ஒரு பின்னேரம் செய்து பாருங்கள், சகோதரிகளே. குச்சிகளின் மருந்தை முதலில் பெரியவர்களே சுரண்டி எடுத்துவிட வேண்டும். வாயில் போடும் வயதுப் பிள்ளை அருகில் இருக்கக் கூடாது. றப்பர் குழாயை ஒன்றரை சென்ரிமீற்றர் துண்டுகளாக வெட்டுங்கள். ஒரு துண்டின் இரு முனையிலும் இரண்டு குச்சி செருகினால் ஒரு மூட்டு. நான்கு குச்சியும் நான்கு துண்டும் கொண்டு சதுரம் செய்து, மூலையைப் பிடித்து மெல்ல அழுத்துங்கள், சாய்ந்துபோகும். மூன்று குச்சியில் முக்கோணம் செய்து அழுத்துங்கள், அசையாது. நம் படலைக்குக் குறுக்கே ஒரு சட்டம் சரித்து அடிப்பது எதற்கென்று பிள்ளைக்கு அப்போது சொல்லலாம். சட்டம் இல்லாத படலை கொஞ்ச நாளில் தொங்கிவிடும்.

இனி அந்த முக்கோணத்தின் மூன்று மூட்டுகளிலும் ஊசியால் ஒவ்வொரு துளை குத்தி, முனை சீவிய குச்சி ஒவ்வொன்றை நிறுத்துங்கள். மேலே மூன்று குச்சிகளும் சேருமிடத்துக்கு இன்னொரு துண்டு: அதன் இரு முனையிலும் இரண்டு குச்சி, நடுவில் துளை போட்டு மூன்றாவது. மொத்தம் ஆறு குச்சி, நான்கு றப்பர் துண்டு. எப்படி உருட்டிப் போட்டாலும் அது ஒரே மாதிரித்தான் உட்காரும்.