உருண்டு வராத உருண்டைக் கல்

காரவள்ளியில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிக் கொல்லிமலையின் செம்மேட்டில் இறங்குபவருக்கு முதலில் டீ வேண்டும். அடுத்து ஒரு சந்தேகம் வரும். "ஆள் உயரத்துக்குக் கல்லு கல்லாக் கிடக்குதே, எங்கிருந்துங்க உருண்டு வந்துச்சு?"

பெரும்பாலானவை எங்கிருந்தும் வரவில்லைங்க. இருந்த இடத்திலேயே உருண்டையானவை.

டீக்கடையில் ஒரு வெல்லக்கட்டி கேளுங்கள். சுடுதண்ணீரில் போட்டு, அரை நிமிடத்தில் கரண்டியால் எடுங்கள். மூலைகள் முதலில் மழுங்கியிருக்கும். மூலையைத் தண்ணீர் மூன்று பக்கமிருந்தும் தின்கிறது. ஓரத்தை இரண்டு பக்கம். நடுப்பரப்பை ஒரே பக்கம். கொல்லிமலைக் கருங்கல்லுக்கும் இதே கதைதான். (சார்னோக்கைட் என்பது அதன் புத்தகப் பெயர்.) பாறையில் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் வெடிப்புகளில் மழைநீர் இறங்கி, மண்ணுக்கடியிலேயே அவற்றுக்கு இடைப்பட்ட கட்டங்களை உருண்டைகளாக்கிவிடுகிறது. சாலைக்காக வெட்டிய கரையைப் பாருங்கள்: நடுவே கெட்டியான நீலக்கருப்புக் கல், சுற்றிலும் வெங்காயத் தோல் மாதிரிப் பழுப்பு அடுக்குகள், வெளியே கையால் பிசைந்தால் உதிரும் மண்.

நெடுந்தூரம் பயணம் போன கற்களும் உலகில் உண்டு. கனடாவில் ஓகோடோக்ஸ் ஊர்ப்பக்கம், புல்வெளி நடுவே, சுமார் 16,500 டன் பாறை ஒன்று நிற்கிறது. ராக்கி மலையிலிருந்து பனியாறு சுமந்து வந்து இறக்கியது. நம் ஒடிசாவின் தால்சேர் பக்கமும் பனி கொண்டுவந்த கற்கள் உள்ளன. 1856லேயே நிலவியலாளர்களான பிளான்ஃபோர்டு சகோதரர்கள் அப்படித்தான் எழுதினார்கள். வெயில் கொளுத்தும் ஊரில் பனியா என்று கேட்காதீர்கள். சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா தென்துருவத்தை ஒட்டிக் கிடந்தது. பனி சுமந்து வந்த கல்லுக்கும் கீழுள்ள பாறைக்கும் ஒட்டுறவே இருக்காது. கொல்லிமலையிலோ இரண்டும் ஒரே இனம்.

ஆனால் இந்தக் கல் நகரவே நகராது என்று நான் சொல்லவில்லை. அதைப் பிடித்துக்கொண்டிருப்பது அந்த உதிரி மண்தான்; பெருமழை மண்ணைக் கரைத்தால் சரிவில் கிளம்பிவிடும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் திருவண்ணாமலையில் மண்ணும் பாறையும் சரிந்து வீட்டின்மேல் விழுந்து ஏழு பேர் இறந்தார்கள். ஐப்பசி, கார்த்திகையில் கொல்லிமலை ஏறினால், வெட்டிய கரையோரம் போட்டோவுக்காக வண்டியை நிறுத்தாதீர்கள்.